ஊர் வீதியும் வாடகை வண்டியும்

ஆடியும் ஆவணியும் வந்துவிட்டால், சாவகச்சேரிப் பட்டினத்தின் ஊடாகச் செல்லும் கண்டி வீதியிலே வாகன நெருக்கம் மிகுந்துவிடும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூடங்களுக்கு நெடு விடுமுறை விடும் காலம் அது. நல்லூர்க் கந்தனின் மகோற்சவமும் பெரும்பாலும் அக்காலத்திலேதான் வரும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழ்கின்ற தென்மராட்சி மக்கள் பெற்றோரைக் காணவும், கோயிலுக்கு நேர்த்தி வைக்கவும், பிள்ளைகளுக்குத் தாம் பிறந்த மண்ணைக் காட்டவும் வருகின்றனர். அவர்களுள் ஒரு சாரார் வான் ஒன்றைச் சாரதியுடன் அமர்த்திக்கொள்வர். மற்றொரு சாரார், தாமே ஓட்டுவதற்கென வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வர். இந்த இரண்டாவது சாராரின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகிவருவதை ஊரவர் யாவரும் காண்கின்றனர்.

தாமே வண்டி ஓட்டவேண்டும் என்னும் ஆசையிலே தவறு ஒன்றும் இல்லை. முதுமையடைந்த தாயைத் தன் கையாலே காரில் ஏற்றி, நல்லூருக்கும் செல்வச்சந்நிதிக்கும் கீரிமலைக்கும் அழைத்துச்செல்லுதல் ஒரு மகனுக்கு மன நிறைவு தரும் செயல். நேரத்துக்கு வராத சாரதியை எதிர்பார்த்துப் படலையிலே காத்து நிற்கவேண்டிய தேவையும் இல்லை. ஆனால், இவ்வாசையை நிறைவேற்றப் புகும் ஒருவர் முதலிலே உணரவேண்டிய உண்மை ஒன்று உண்டு. முன்பின் அறியாத நாட்டிலே வண்டி ஓட்டுபவன் ஒவ்வொரு சந்தியையும் ஐயத்துடன் அணுகுவான். தான் பிறந்த ஊரிலே ஓட்டுபவனோ, எல்லாம் தெரிந்த வீதிதானே என்று எண்ணிக் கவனத்தைத் தளர்த்திவிடுவான். விடுமுறைக்கு வருபவருக்குச் சட்டத்தின் கண்ணிலே இது வெளிநாட்டு வீதி. அவருடைய கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் இது வெளிநாட்டு வீதியே. மனம் ஒன்றுதான் இதனை ஊர் வீதி என்கின்றது. மனம் சொல்லும் அந்தச் சொல்லை நம்புவதாலேயே இடர்கள் பல விளைகின்றன.

குடாநாட்டுக்கு வாடகைக் கார் புதியது அன்று. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கிலேயக் கார்கள் சந்திகளிலே தரித்து நின்று, கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் வாடகைக்கு ஓடிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1990களிலே பெற்றோல் கிடைக்காது போனபோது அதே கிழக் கார்கள் மண்ணெண்ணெயிலே புகை கக்கிக்கொண்டு ஓடின. அக்காலங்களிலெல்லாம் வாடகைக் கார் என்றால் அதனுடன் சாரதியும் வருவார் என்பதே பொருள். வண்டியின் திறப்பை மட்டும் பெற்றுக்கொண்டு, பொறுப்பு முழுவதையும் தானே ஏற்கும் முறை பின்னர் வந்தது. அந்தப் பொறுப்பு எத்தன்மையது என்பதை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலிலே வருவது அனுமதிப்பத்திரம். ஒரு நாட்டின் அரசு தன் சாரதிகளைச் சோதித்து வழங்கும் பத்திரத்தை வேறொரு நாடு எவ்வாறு ஏற்றுக்கொள்வது? மோட்டார் வண்டிகள் எல்லை கடந்து ஓடத் தொடங்கிய காலத்திலேயே இவ்வினா எழுந்தது. 1926ஆம் ஆண்டு பாரிஸிலும், 1949ஆம் ஆண்டு ஜெனீவாவிலும், 1968ஆம் ஆண்டு வியன்னாவிலும் நாடுகள் கூடி வீதிப் போக்குவரத்து உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. அவற்றின் பயனாக விளைந்ததே சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம். பெயரைக் கேட்டு அது உலகம் முழுவதற்குமான தனி அதிகாரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையிலே அது சாரதியின் சொந்த நாட்டுப் பத்திரத்தைப் பல மொழிகளிலே பெயர்த்துக் கூறும் ஒரு சிறு புத்தகமேயாகும். மூலப் பத்திரம் கூடவே இராவிட்டால் அதற்கு மதிப்பில்லை.

இலங்கை 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே சேர்ந்துள்ள நாடு. ஆகவே இங்கு வருபவர் அவ்வுடன்படிக்கையின்படி அமைந்த பத்திரத்தையே கொண்டுவருதல் வேண்டும். அது ஓராண்டுக் காலத்துக்கே செல்லும். தாம் வாழும் நாட்டை விட்டுப் புறப்படுமுன், அந்நாட்டு அரசு அதிகாரமளித்த நிலையத்திலே அதனைப் பெற்றுக்கொள்ளவேண்டும். கனடாவிலே அங்குள்ள மோட்டார்ச் சங்கமாகிய சீ.ஏ.ஏ. இதனை வழங்குகின்றது. கேட்டவர் யாவருக்கும் பணத்துக்குப் பத்திரம் அனுப்புவதாக விளம்பரம் செய்யும் இணையத் தளங்கள் பல உள. அவை அனுப்பும் அட்டைகளை எந்த அரசும் ஏற்பதில்லை.

சர்வதேசப் பத்திரத்தைக் கையிலே வைத்திருந்தாற் போதும் என்று நினைப்பதும் தவறு. இலங்கையிலே அதற்கு மேலும் ஓர் அங்கீகாரம் பெறவேண்டும். 1904ஆம் ஆண்டு தோன்றிய ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் என்னும் மோட்டார்ச் சங்கம் கொழும்பிலே நெடுங்காலமாக இந்த அங்கீகாரத்தை வழங்கிவந்துள்ளது. சர்வதேசப் பத்திரம் இல்லாத வெளிநாட்டார், கொழும்பை அடுத்த வேரஹெரவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்குச் சென்று தற்காலிக அனுமதிப்பத்திரம் பெறுவது வழக்கமாயிருந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டாருக்குத் தற்காலிகப் பத்திரம் வழங்கும் கருமபீடம் திறக்கப்பட்டது. இத்தகைய நடைமுறைகளும் கட்டணங்களும் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. ஆதலால், விமானச் சீட்டு வாங்கும்போதே இதனையும் விசாரித்து அறிந்துகொள்வது அறிவுடைமை.

‘ஊரிலே யார் இதையெல்லாம் பார்க்கப்போகின்றார்கள்?’ என்று சிலர் கேட்பதுண்டு. பொலிசார் மறிப்பதும் தண்டம் விதிப்பதும் சிறிய காரியம். பெரிய காரியம் வேறு. வண்டிக்கு ஒரு விபத்து நேர்ந்து ஒருவர் காயமுற்றார் என வைத்துக்கொள்வோம். காப்புறுதிக் கம்பனியார் முதலிலே கேட்பது, ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் பத்திரம் இருந்ததா என்பதையே. இல்லையெனில், இழப்பீடு கொடுக்க மறுப்பதற்கு அவர்களுக்கு வழி பிறந்துவிடுகின்றது. காயமடைந்தவர் துவிச்சக்கர வண்டியிலே சந்தைக்குப் போன ஒரு கூலித் தொழிலாளியாக இருக்கலாம். அவருடைய குடும்பத்தின் சோற்றுக்கு விடை சொல்வது அந்தக் காகிதமே என்பதை எண்ணிப் பார்த்தால், பத்திரம் வெறும் சடங்கு அன்று என்பது விளங்கும்.

அடுத்து வருவது வாடகை ஒப்பந்தம். பலர் இதனை வாசிக்காமலே ஒப்பமிடுகின்றனர். அதிலே முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை சில உள. காப்புறுதி எதுவரை பொறுப்பேற்கின்றது, விபத்து நேர்ந்தால் முதற் பங்காக எடுத்தவர் எவ்வளவு கொடுக்கவேண்டும், கண்ணாடிக்கும் ரயருக்கும் காப்பு உண்டா, ஒப்பந்தத்திலே பெயரிடப்படாத தம்பியோ மச்சானோ ஓட்டினால் காப்பு நிற்குமா என்பனவற்றைக் கேட்டறிதல் வேண்டும். தூரக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் என்று ஓர் ஒப்பந்தம் கூறுவதாகக் கொள்வோம். ஏழு நாளைக்கு 700 கிலோமீற்றர் ஆகின்றது. கட்டுநாயக்கவிலிருந்து சாவகச்சேரிக்கு வரும் தூரம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர். வந்து திரும்பும்போதே கணக்குத் தீர்ந்துவிடும். நல்லூருக்கும் சந்நிதிக்கும் ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிப் பணம் கட்டவேண்டி வரும்.

வண்டியைப் பொறுப்பேற்கும்போது அதனைச் சுற்றிவந்து, கீறலும் நெளிவும் உள்ள இடங்களைப் படம் பிடித்து வைத்தல் நலம். மேலதிகச் சில்லு, அதனைப் பூட்டும் ஆயுதங்கள், காப்புறுதிச் சான்று, முகப்புக் கண்ணாடியிலே ஒட்டப்பட்ட வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். பிறேக்கை ஒரு முறை அழுத்திப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஊரிலே வேறொரு வழக்கமும் பரவிவருகின்றது. அயல் வீட்டார் ஒருவர் தம் சொந்தக் காரை விடுமுறைக்கு வந்தவருக்கு நாட் கணக்கிலே வாடகைக்குக் கொடுப்பார். எழுத்து இல்லை, ஒப்பம் இல்லை, எல்லாம் வாய்ச்சொல். அன்பினாலே செய்யப்படும் உதவிதான் அது. எனினும், சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்யப்பட்ட வண்டியை வாடகைக்கு விட்டால், அந்தக் காப்புறுதி பயனற்றுப் போகக்கூடும். விபத்து ஒன்று நேரும் நாளிலே கார்க்காரருக்கும் விருந்தினருக்கும் இடையே இருந்த தலைமுறை உறவும் முறிந்துபோகின்றது. உறவைக் காக்க விரும்புபவர், காப்புறுதிப் பத்திரத்தை முன்னதாகவே எடுத்து வாசிப்பாராக.

பத்திரமும் ஒப்பந்தமும் சரியாக அமைந்துவிட்டன. இனி வீதிக்கு வருவோம். இலங்கையிலும் இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வண்டிகள் வீதியின் இடது புறத்தே செல்கின்றன. கனடாவிலும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் வலது புறத்தே செல்கின்றன. இது ஒரு நாடு தனக்குத்தானே வகுத்துக்கொண்ட வழக்கமேயன்றி இயற்கையின் விதி அன்று. சுவீடன் தேசம் 1967ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. சமோவா 2009ஆம் ஆண்டு வலத்திலிருந்து இடத்துக்கு மாறியது. ஒரு தேசம் முழுவதும் மாறும்போது முன்னறிவித்தலும் பயிற்சியும் காவலும் இருந்தன. ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கும் ஒருவரோ, எந்தப் பயிற்சியும் இன்றி ஒரே நாளிலே தாமாகவே மாறவேண்டியிருக்கின்றது.

நெருக்கடி மிக்க யாழ்ப்பாண நகரத்திலேதான் இந்த மாற்றம் கடினம் என்று எவரும் நினைப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது. முன்னும் பின்னும் வண்டிகள் ஓடும்போது, சாரதி அவற்றைப் பின்பற்றித் தன்னை அறியாமலே சரியான பக்கத்திலே செல்வான். வெறிச்சோடிய வீதியிலேதான் பழைய பழக்கம் தலைதூக்கும். விடியற்காலை நேரம். இரு புறமும் வேலி அடைத்த சாவகச்சேரி ஒழுங்கை ஒன்றிலிருந்து கார் புறப்படுகின்றது. ஒழுங்கை ஒரு வண்டி செல்லும் அகலமே உடையதாகையால் இடமும் வலமும் அங்கே இல்லை. கண்டி வீதிக்கு வந்ததும் வலப்புறம் திரும்பவேண்டும். வீதியிலே ஈ காக்கை இல்லை. இருபது ஆண்டு கனடாவிலே ஓட்டிய கைகள், சாரதியைக் கேளாமலே வண்டியை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும். எதிரே முதற் பேருந்து வரும்போதுதான் அவருக்கு நினைவு திரும்பும்.

ஆகவே தடுமாற்றம் நிகழும் கணங்களை முன்கூட்டியே அறிந்து வைத்திருத்தல் வேண்டும். காலையிலே முதன்முறை புறப்படும் நேரம், பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியேறும் நேரம், கடையிலே நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும் நேரம், ஒருவழிப் பாதை முடிந்து இருவழிப் பாதை தொடங்கும் இடம் ஆகியவையே அக்கணங்கள். சாரதிக்குப் பக்கத்திலே இருப்பவர் ஒவ்வொரு முறையும் ‘இடப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்வது எளிய மருந்து. சாரதி எப்போதும் வீதியின் நடுக்கோட்டை அண்டியும், உடன் செல்பவர் ஓரத்தை அண்டியும் இருக்கவேண்டும் என்பதை நினைவில் வைத்தாலும் போதும். தன் தோளை அடுத்து வேலி தெரிந்தால், வண்டி தவறான பக்கத்திலே ஓடுகின்றது என்று அறிந்துகொள்ளலாம்.

லண்டனிலிருந்து வருபவருக்குப் பக்கம் மாறுவதில்லை. ஆயினும் அவருக்கும் வேறு மயக்கங்கள் உண்டு. இலங்கையிலே ஓடும் கார்களுட் பெரும்பாலானவை யப்பானியத் தயாரிப்புகள். அவற்றிலே திரும்பும் விளக்கை எரிக்கும் கம்பி, சுக்கானின் வலப்புறத்தே இருக்கும். ஐரோப்பியக் கார்களிலே அது இடப்புறத்தே இருக்கும். ஆதலால், திரும்புவதற்குச் சைகை காட்ட நினைத்தவர் மழை துடைப்பானை ஓடவிடுகின்றார். பின்னே வரும் மோட்டார்ச் சைக்கிள்காரருக்கு வண்டி திரும்பப்போவது தெரியாது. முன்விளக்கை மின்னவைப்பதிலும் பொருள் வேறுபாடு உண்டு. பிரித்தானியாவிலே அது பெரும்பாலும் ‘நீங்கள் போகலாம்’ என்னும் மரியாதையைக் குறிக்கும். இலங்கையிலே அது ‘நான் வருகின்றேன், விலகு’ என்னும் எச்சரிக்கையாகவே பெரும்பாலும் வழங்குகின்றது. இந்த ஒரு சைகையைப் பிழைபட விளங்கிக்கொண்டு முன்னே செல்பவருக்கு நேரும் கதி சொல்லத் தேவையில்லை. வேகப் பலகையிலும் மயக்கம் உண்டு. நகர்ப்புறங்களிலே கார்களுக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும், ஏனைய சாதாரண வீதிகளிலே 70 கிலோமீற்றரும் எல்லையாகும். மைற் கணக்கிலே பழகியவர் 70 என்ற எண்ணைத் தம் நாட்டு எண்ணாகக் கொள்ளலாகாது. அது 43 மைலுக்குச் சற்றே கூடியது.

இனி, கட்டுநாயக்கவிலிருந்து வடக்கே வரும் நெடும் பயணத்தை நோக்குவோம். நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம் வழியாக வந்து, ரம்பாவையிலே ஏ9 என்னும் கண்டி யாழ்ப்பாண வீதியை அடைவது பலர் கொள்ளும் மார்க்கம். விமானத்தை விட்டு இறங்கியதும் அப்படியே காரிலே ஏறி வடக்கு நோக்கி ஓட்டுபவர் உளர். அம்மா காத்திருக்கின்றாள், விடுமுறை குறைவு, ஒரு நாளை ஏன் வீணாக்கவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். உடலின் கணக்கு வேறு. கோடைகாலத்திலே ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. அனுராதபுரத்தைத் தாண்டும்போது இலங்கை மணிக்கூடு பகல் இரண்டு மணி காட்டும். சாரதியின் உடலுக்கோ அது விடியற்காலை நாலரை மணி. உடல் ஆழ்ந்து உறங்கவேண்டிய நேரம்.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்களாகிய டோசன், ரீட் என்னும் இருவர் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றிலே, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், குருதியிலே 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றது எனக் காட்டினர். ரொறன்ரோவிலிருந்து வீட்டை விட்டுப் புறப்பட்டு, விமானம் மாறிக் கட்டுநாயக்கவை வந்தடையவே பதினேழு மணிக்கு மேல் செல்லும். மது அருந்தாத நல்லொழுக்கமுடைய ஒருவர், மது அருந்தியவரைப் போன்ற நிலையிலே தம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றார். பிள்ளைகளோ பின்னாசனத்திலே உறங்கிவிட்டனர். வவுனியாவுக்கு வடக்கே வீதி நேராகவும் அகலமாகவும் கிடக்கின்றது. வளைவும் இல்லை, ஊரும் அடர்த்தியில்லை. வெயில் கண்ணைக் கூசவைக்கின்றது. கண் இமைகளைத் தாழ்த்துவதற்கு இதைவிடத் தக்க இடம் வேறில்லை. ஆகையால், விமான நிலையத்துக்கு அண்மையிலே ஓர் இரவு தங்கி உறங்கிவிட்டு, அதிகாலையிலே புறப்படுவதே முறை. அந்த ஒரு நாள் விடுமுறையிலிருந்து கழிக்கப்படுவதன்று. எஞ்சிய நாட்களுக்கெல்லாம் கட்டும் காப்புறுதி அது.

இரவுப் பயணத்தைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வன்னியிலே மாடுகள் இரவிலே தார் வீதியின் சூட்டை நாடி வந்து படுத்திருக்கும். கரிய மாடு கரிய வீதியிலே கிடப்பது, எதிர் வண்டியின் விளக்கொளியிலே தெரியவே தெரியாது. விளக்கில்லாத துவிச்சக்கர வண்டிகளும் உழவு இயந்திரங்களும் அப்படியே. ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குள் நுழைந்ததும், இயக்கச்சி, பளை, முகமாலை எனப் பெயர்ப் பலகைகள் ஒவ்வொன்றாக வரும். களைப்பாற வண்டியை நிறுத்த நினைப்பவர் கடைகள் உள்ள இடத்திலே நிறுத்துவாராக. முகமாலைப் பகுதி நெடுங்காலம் போர்முனையாக இருந்த நிலம். போர் முடிந்து பல்லாண்டுகளின் பின்னரும் அங்கே கண்ணிவெடி அகற்றும் பணி நடைபெற்றுவந்தது. அபாயக் குறியிட்ட பலகை காணப்படும் இடத்திலே எக்காரணத்தைக் கொண்டும் வீதியை விட்டு இறங்கலாகாது.

எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை என்று வரும்போது, சாரதியின் நெஞ்சம் தானாகவே நெகிழும். மாமரங்களும் பலா மரங்களும் தென்னந்தோப்புகளும் அவரை வரவேற்கும். இங்கேதான் கவனம் மிகுதியும் வேண்டும். அவர் நினைவிலே உள்ள கண்டி வீதி, துவிச்சக்கர வண்டிகள் அணியணியாகச் சென்ற வீதி. இன்று அதே வீதியிலே நெடுந்தூரப் பேருந்துகளும் பாரவண்டிகளும் விரைகின்றன. ஆனால் ஊரவரின் நடையோ மாறவில்லை. சந்தைக்குப் போகும் முதியவர் தலையைத் திருப்பாமலே துவிச்சக்கர வண்டியை வீதிக்குக் குறுக்கே திருப்புவார். ஆடு ஒன்று கடந்தால் அதன் குட்டியும் பின்னே வரும். பாடசாலை விடும் நேரத்திலே வெள்ளைச் சீருடைகள் வீதி முழுவதும் நிறையும். ஒழுங்கையிலிருந்து மோட்டார்ச் சைக்கிளிலே வரும் இளைஞர் நின்று பார்த்துத்தான் ஏறுவார் என்று எண்ணிவிடலாகாது.

இவை எல்லாவற்றிலும் கொடியது புகையிரதக் கடவை. வடக்கே செல்லும் புகையிரதப் பாதை போரினாலே 1990ஆம் ஆண்டு செயலிழந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. பாதை இருந்த தடத்திலே மக்கள் நடந்தார்கள், ஆடு மேய்த்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் நாளன்றுதான் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிலே ஊரை விட்டுப் போனவரின் நினைவிலே, அந்தக் கடவை ஒரு வெறும் மேடு. ‘எத்தனை முறை இதிலே சைக்கிள் ஓடியிருக்கின்றேன்’ என்று சொல்லிக்கொண்டே அவர் காரை ஏற்றுவார். கண்ணாடிகள் பூட்டியிருக்கின்றன, குளிரூட்டி ஓடுகின்றது, பாட்டும் ஒலிக்கின்றது. படலையும் காவலாளியும் இல்லாத கடவைகள் குடாநாட்டிலே பல உள. வடபகுதிக் கடவைகளிலே உயிர்கள் பறிபோன செய்திகள் பத்திரிகைகளிலே மீண்டும் மீண்டும் வந்துள்ளன. எந்தக் கடவையானாலும் வண்டியை முற்றாக நிறுத்தி, பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரு புறமும் பார்த்துக் காது கொடுத்துக் கேட்டபின் கடப்பது என்று ஒரு நியமம் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னால் நிற்பவர் கோண் அடித்தால் அடிக்கட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலும் பிரித்தானியாவிலும் குழந்தைக்கு உரிய ஆசனம் இன்றிக் காரிலே ஏற்றினால் சட்டம் தண்டிக்கும். ஊருக்கு வந்ததும் அந்தக் கவலை மறந்துபோகின்றது. பேரப் பிள்ளையை மடியிலே வைத்திருக்க அம்மம்மாவுக்கு ஆசை. அதனை மறுக்க மகளுக்கு மனமில்லை. ஆனால், விரைவாக ஓடும் வண்டி சடுதியாக நிற்கும்போது எந்த அம்மம்மாவின் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. வாடகைக் கார்க்காரரிடம் குழந்தை ஆசனத்தை முற்கூட்டியே கேட்கவேண்டும். இல்லையென்றால் ஊரிலிருந்தே கொண்டுவரவேண்டும். மடியிலே வைத்துக் கொஞ்சுவதற்கு வீட்டுத் திண்ணை இருக்கின்றது.

வீட்டாருக்கும் இவ்விடயத்திலே ஒரு கடமை உண்டு. வருபவர் விருந்தாளி, அதிலும் வெளிநாட்டிலே பெரிய வீதிகளிலே ஓட்டிப் பழகியவர். அவரை ‘நீர் இன்றைக்கு ஓட்டவேண்டாம்’ என்று சொல்ல மைத்துனருக்குத் தயக்கம். சொன்னாற் குறை நினைப்பாரோ என்ற அச்சம். இத்தயக்கம் மரியாதையினால் வருவது, எனினும் பயன் தராதது. முதல் இரண்டு நாளும் ஊரிலே வண்டி ஓட்டும் ஒருவர் அவர் பக்கத்திலே அமர்ந்து, கைதடி வரையும் கொடிகாமம் வரையும் போய் வரட்டும். எந்தச் சந்தியிலே பேருந்து திரும்பும், எந்தக் கடவையிலே மணி ஒலிக்காது, எங்கே பள்ளிக்கூடம் விடும் என்பதைக் காட்டிக் கொடுக்கட்டும். ‘தம்பி, களைச்சுப் போனாய், படுத்தெழும்பிப் போவம்’ என்று தாய் சொல்லும் ஒரு சொல், வீதியோரத்து அறிவித்தல் பலகைகளைக் காட்டிலும் வலியது.

தாமே ஓட்டுவதுதான் வேண்டும் என்பதும் இல்லை. நீண்ட பயணத்தைப் புகையிரதத்திலோ சாரதியுடன் கூடிய வானிலோ முடித்துக்கொண்டு, ஊருக்கு வந்தபின் அங்கேயே ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். 1956ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் வழியிலே, சேவை நடைபெறும் காலங்களிலே கொழும்புக் கோட்டையிலிருந்து நேரே வரமுடியும். சென்னை வழியாக வருபவருக்குப் பலாலி விமான நிலையமும் உண்டு. அது 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, இடையிலே நின்று, 2022ஆம் ஆண்டு டிசம்பரிலே மீண்டும் சென்னைச் சேவையைத் தொடங்கியது. அங்கிருந்து சாவகச்சேரி தொலைவன்று. சாரதியை அமர்த்துவது கௌரவக் குறைவும் அன்று. அதனால் ஊரிலே ஒரு குடும்பத்துக்குச் சில நாட் சம்பளமும் கிடைக்கின்றது.

இதன் மறுபக்கத்தையும் சற்றே நோக்குதல் தகும். சாவகச்சேரியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்பவரும் உளர். இலங்கைப் பத்திரத்துடன் பிரித்தானியாவுக்குச் செல்லும் பயணி, பன்னிரண்டு மாதம் வரை சிறிய வாகனம் ஓட்டலாம். ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்திலே, மூன்று மாதத்துக்குட்பட்ட வருகையாளர் தம் நாட்டுப் பத்திரத்துடன் ஓட்டலாம். ஆனால், மகனுடைய கார்தானே என்று திறப்பை எடுத்துவிடலாகாது. அக்காரின் காப்புறுதி தகப்பனாரையும் ஏற்கின்றதா என்று கேட்கவேண்டும். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குகளை மின்னவைத்து நின்றால், ஒன்ராறியோவிலே எதிர்ப்புறத்து வண்டிகளும் நிற்கவேண்டும் என்பது சட்டம். நடுவிலே திட்டுக் கட்டிப் பிரித்த வீதியாயின் எதிர்ப்புறத்தார் நிற்கத் தேவையில்லை. இதனை அறியாத ஊர்ச் சாரதி, அங்கே அறியாப் பிள்ளையே. அந்த நாட்டிலே தந்தை மகனிடம் கேட்டு நடப்பார். இந்த நாட்டிலே மகன் தந்தையிடம் கேட்டு நடப்பதிலே இழிவு என்ன?

பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. அனுமதிப்பத்திரத்தைச் சட்டம் கொடுக்கும், வண்டியைப் பணம் கொடுக்கும். வீதிப் பழக்கத்தை நாட்கள்தாம் கொடுக்கமுடியும். மூன்று கிழமை விடுமுறையிலே உறக்கத்துக்கு ஒரு நாளும், வீதியைக் கற்பதற்கு இரண்டு நாளும் ஒதுக்கி வைப்பவர், எஞ்சிய நாட்களைத் தாயோடும் சுற்றத்தோடும் மகிழ்ந்து கழித்துத் திரும்புவார். அப்படித் திரும்பியவர் அடுத்த ஆடியிலும் வருவார். படலையிலே காத்திருப்பவர்களுக்கு வேண்டியதும் அதுவே.